தப்பாகத் தூக்கிய கார்: பணம் கட்டி எடுப்பதா, கட்டாமல் நிற்பதா?

மார்ச் 4, காலை (கேள்வி)

நேற்று ராத்திரி தெருவோரம் காரை நிறுத்திவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் கார் இல்லை. டோ வண்டி வந்து தூக்கிக்கொண்டு போனதாக எதிர்க்கடைக்காரர் சொன்னார். 'வண்டி நிறுத்தக் கூடாது' பலகை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மரக்கிளைக்குள் புதைந்து கிடக்கிறது, தேடிப் பார்த்தால்தான் கண்ணில் படுகிறது. தூக்கிய வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டுக்கு போன் போட்டால், பணம் கட்டினால்தான் வண்டி என்கிறார்கள். பணம் கட்டினால் தப்பு என்னுடையது என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? அதனால் ஒரு பைசா கட்டப் போவதில்லை. அவர்களே கொண்டுவந்து விடும்வரை விடப் போவதில்லை. சரிதானே?

மார்ச் 4, சற்று நேரம் கழித்து (பதில்)

சரியில்லை. இன்றைக்கே கட்டி எடுங்கள்.

தூக்கிய கூலி ஒருமுறைதான். யார்டில் நிற்பதற்கான வாடகை அப்படியில்லை, நாளுக்கு நாள் ஏறும். பிடிவாதமாக நின்றால் வாடகை கூலியைத் தாண்டிப் போகும். ரொம்ப நாள் கிடந்தால் பாக்கிக்காக வண்டியையே ஏலம் விட பல இடங்களில் சட்டம் வழிவிடுகிறது. கடைசியில் நீங்கள் ஜெயித்தாலும், "சீக்கிரம் எடுத்திருக்கலாமே, நஷ்டத்தை ஏன் வளரவிட்டீர்கள்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடையாது.

கட்டுவது வேறு, ஒத்துக்கொள்வது வேறு. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒரு வரி எழுத்து. ரசீதில் கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே எழுதுங்கள்: "வண்டியை மீட்பதற்காக மட்டும், எதிர்ப்புத் தெரிவித்துக் கட்டுகிறேன். தவறை ஒப்புக்கொள்ளவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை." தேதி, நேரம் போடுங்கள். அவர்கள் வைத்துக்கொள்ளும் பிரதியிலும் இருக்க வேண்டும். இரண்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். எதிர்ப்பே சொல்லாமல் கட்டிய பணத்தை, மனமொத்துக் கொடுத்தது என்று வாதாட இடமிருக்கிறது. அந்த இடத்தை அடைக்கத்தான் இந்த வரி.

எழுத விடமாட்டேன் என்று ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர் தடுத்தால் சண்டை வேண்டாம். அதே ஜன்னல் முன்னால் நின்றபடியே, அதே வாசகத்தை அவர்களுக்கு மின்னஞ்சலாகவோ குறுஞ்செய்தியாகவோ அனுப்புங்கள். அனுப்பிய நேரம் தானாகவே பதிவாகிவிடும்.

மார்ச் 4, மதியம்

யார்டுக்குக் கிளம்பும் முன் ஒரு வேலை. நீங்கள் நிறுத்திய இடத்துக்குப் போய் அந்தப் பலகையைப் படம் எடுங்கள். கார் யார்டை விட்டு எங்கேயும் ஓடாது. மரக்கிளை ஓடும். நாளைக்கே ஆள் வந்து வெட்டிவிட்டால் உங்கள் வழக்கில் பாதி அதோடு போயிற்று.

எல்லாரும் பலகைக்குப் பக்கத்தில் போய் நெருக்கத்தில் எடுப்பார்கள். அந்தப் படத்தில் எழுத்து பளிச்சென்று தெரியும், அது எதிராளிக்குத்தான் உதவும். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தவன் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், வண்டி வந்த திசையிலிருந்து, தூரத்தில் ஆரம்பித்து நடந்துகொண்டே வரிசையாக எடுங்கள். வீடியோவாக இருந்தால் இன்னும் நல்லது. ராத்திரியில் நிறுத்தியதால் ராத்திரியிலும் ஒருமுறை. தெருவிளக்கு எரிகிறதா என்பதும் அதில் பதியும்.

உங்கள் கதையேதான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் ஒருவருடைய காரைத் தூக்கினார்கள். பலகையை மரங்கள் மறைத்திருந்தன என்பது அவர் வாதம். அவர் 134 டாலர் 50 சென்ட் கட்டி வண்டியை எடுத்துவிட்டு, பணத்தைத் திருப்பிக் கேட்டார். நகரம் விசாரணை வைத்தது வண்டி தூக்கப்பட்ட 27வது நாள். விசாரணையில் தோற்றார். இத்தனை நாள் காக்க வைத்தது முறையா என்ற கேள்விதான் மேலே போனது. காரைத் திரும்பக் கொடுத்தாயிற்று, மிச்சம் பணத்தகராறுதான், அதற்கு 27 நாள் அநியாயமில்லை என்று 2003இல் தீர்ப்பு.

எனக்கு அந்தத் தீர்ப்பில் வருத்தம்தான். மாதச் சம்பளக்காரனுக்கு அந்தப் பணம் ஒரு மாதம் முடங்குவது சின்ன விஷயமில்லை. ஆனாலும் உங்களுக்கு அதிலிருந்து தெரிவது, பணம் திரும்பி வர நாளாகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும் என்பது. இன்னொன்று, மரம் மறைத்தது என்று சொன்னால் மட்டும் போதாது, காட்ட வேண்டும்.

மார்ச் 4, இரவு

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஏன் இடத்தைப் படமெடு என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது புரியும்.

தெருவில் பள்ளம் தோண்டப் போகிறார்கள் என்று தற்காலிகப் பலகைகள் வைத்திருந்தார்கள். நான் நிறுத்தியபோது அந்தப் பக்கத்தில் பலகை இல்லை. திரும்பி வந்தபோது பலகை இருந்தது, கார் இல்லை. நடுவில் நல்ல மழை. என் கார் நின்ற இடத்தில் தரை செவ்வகமாகக் காய்ந்து கிடந்தது, சுற்றிலும் ஈரம். பலகையின் அடிக்கட்டையை லேசாகச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் தரை நனைந்திருந்தது, ஒரு இலை நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் கார் வந்தது மழைக்கு முன்னால், பலகை வந்தது மழைக்குப் பின்னால்.

ஓரத்திலிருந்து தண்ணீர் கசிந்து உள்ளே போயிருக்கலாமே என்று யாராவது கேட்பார்கள் என்ற யோசனை அப்போதே வந்தது. தெருமுனையில் முந்தைய நாளே வைத்திருந்த பலகையையும் சாய்த்துப் பார்த்தேன். அதன் அடியில் தரை காய்ந்தே இருந்தது. இரண்டையும், காய்ந்த செவ்வகத்தையும் படம் எடுத்தேன். வெயில் ஏறினதும் எல்லாம் ஒரே நிறமாகிவிட்டது. கொஞ்சம் தாமதித்திருந்தால் என்னிடம் எதுவும் இருந்திருக்காது.

பணம் திரும்பி வந்தது. வண்டியில் விழுந்த கீறலுக்கு மட்டும் தனியாக எழுதிக் கேட்க வேண்டியிருந்தது.

மார்ச் 5, காலை

நேற்று 'கட்டுங்கள்' என்று சொன்னதைக் கொஞ்சம் பிரிக்க வேண்டும். யார்டில் நீட்டும் சீட்டில் மூன்று விஷயம் கலந்திருக்கும்: தூக்கிய கூலி, நிறுத்திய வாடகை, அபராதம். முதல் இரண்டும் வண்டியை விடுவிக்க. அபராதம் குற்றச்சாட்டு சம்பந்தப்பட்டது. அதைக் கட்டினால் குற்றச்சாட்டை ஏற்றுக்கொண்டு கணக்கை முடித்ததாகவே பல ஊர் விதிகள் எடுத்துக்கொள்கின்றன. அதற்குப் பிறகு மேல்முறையீட்டுக்கு வழியில்லாமல் போகலாம்.

ஆகவே, "அபராதத்தை இப்போது கட்டாமல் கூலியையும் வாடகையையும் மட்டும் கட்டி எடுக்க முடியுமா?" என்று கேளுங்கள். முடியாது என்றால், கட்டினாலும் முறையிடும் உரிமை இருக்கிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் பயத்தில் நியாயம் இருப்பது இந்த ஒரு இடத்தில்தான்.

மார்ச் 5, மதியம்

படங்களை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொண்டு போனில் இருப்பதை அழித்துவிடாதீர்கள். அப்படி அனுப்பும்போது படத்தோடு ஒட்டியிருக்கும் நேரம், இடம் போன்ற விவரங்கள் கழன்றுவிடும். என்னை விசாரித்த அதிகாரி முதலில் கேட்டதே "இது எப்போது எடுத்தது?" என்றுதான். மூலப்படம் போனிலேயே இருந்ததால் அங்கேயே திறந்து காட்ட முடிந்தது.

மார்ச் 6

யார்டில் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் கூலிப் பணத்தைவிடப் பெரிய நஷ்டம் இங்கேதான் ஒளிந்திருக்கும்.

கையெழுத்து கடைசியில். மீட்புச் சீட்டில் "வண்டியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று பொடி எழுத்தில் ஒரு வரி அச்சடித்திருப்பார்கள். கையெழுத்துப் போட்டால்தான் வண்டியைக் காட்டுவோம் என்றால், அந்த வரியை அடித்துவிட்டு "வண்டியை இன்னும் பார்க்கவில்லை" என்று எழுதிப் போடுங்கள். பார்த்த பிறகு சேதம் இருந்தால் அதே சீட்டில் என்ன, எங்கே என்று எழுதுங்கள்.

யார்டின் வேலி, தரை, பெயர்ப்பலகை எல்லாம் பின்னணியில் தெரியும்படி, வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் படம் எடுங்கள். வெளியே வந்து எடுத்தால் "வழியில் நீங்களே இடித்திருப்பீர்கள்" என்பார்கள். முன் பம்பரின் அடிப்பக்கம், கொக்கி மாட்டும் வளையம், சக்கரத்தின் விளிம்பு, கதவு ஜன்னல் ரப்பர். பூட்டிய காரை நியூட்ரலுக்குக் கொண்டுவர, கதவிடுக்கில் கம்பியோ காற்றுப் பையோ விட்டுத் திறப்பார்கள். ரப்பர் பிய்ந்திருந்தால் மழை வரும்போதுதான் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத சேதம் இன்னொன்று. எந்தச் சக்கரங்களைத் தரையில் விட்டு இழுத்தார்கள் என்று கேளுங்கள். முன்சக்கரத்தால் ஓடும் ஆட்டோமேட்டிக் காரை, பின்பக்கம் தூக்கி முன்சக்கரத்தைத் தரையில் உருளவிட்டு இழுத்தால் கியர்பாக்ஸ் கெடும். எஞ்சின் ஓடாதபோது உள்ளே ஆயில் பம்பும் ஓடாது, ஆயில் சுற்றாமல் சூடேறித் தேயும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் இரண்டைத் தூக்கி இரண்டை உருளவிட்டால், நடுவில் இருக்கும் இணைப்பு பாழாகும். மின்சாரக் காரில் சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றி மின்சாரம் உண்டாகும், அதனால்தான் தட்டையான மேடை வண்டியில் ஏற்றச் சொல்லித் தயாரிப்பாளர்கள் கையேட்டிலேயே எழுதுகிறார்கள். ஹேண்ட்பிரேக் போட்டபடி இழுத்திருந்தால் டயரில் ஒரே இடத்தில் ரப்பர் தேய்ந்து தட்டையாகியிருக்கும். கையால் தடவினாலே தெரியும், ஓட்டும்போது தடதடக்கும்.

அதனால் சந்தேகம் இருந்தால் நேரே வீட்டுக்கு ஓட்டாமல் ஒர்க்‌ஷாப்புக்குப் போய், பார்த்த தேதியோடு எழுதி வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து கியர்பாக்ஸ் சத்தம் போட்டால், அதற்கும் டோவுக்கும் முடிச்சுப் போடுவது ரொம்பக் கஷ்டம்.

டாஷ்கேம் (காருக்குள் மாட்டியிருக்கும் கேமரா) இருந்தால் மெமரி கார்டை உடனே எடுத்துவிடுங்கள். நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்கிற வகையாக இருந்தால், தூக்கிய காட்சி முழுவதும் அதில் இருக்கும். ஓடவிட்டால் பழையதன்மேல் புதியது பதிந்து அழிந்துவிடும்.

மார்ச் 6, இரவு

விட்டுப்போனது: காருக்குள் மருந்து, குழந்தை இருக்கை, அடையாள அட்டை இருந்து, பணம் புரட்ட ஒருநாள் ஆகும் என்றால், பொருளை மட்டுமாவது கேளுங்கள். பணம் பாக்கி இருந்தாலும் சொந்தப் பொருளை மறுக்கக் கூடாது என்று பல இடங்களில் விதி உண்டு. மருந்தைத் தராமல் வைத்துக்கொள்வதை நான் பேரமாகக்கூட நினைக்கமாட்டேன், அது அக்கிரமம்.

மார்ச் 8

"தூக்கச் சொன்னது யார்?" என்று எழுத்தில் கேளுங்கள் என்று இங்கே ஒருவர் சொன்னது மிகச் சரி. நான் அதை முதலிலேயே சொல்லியிருப்பேன், பலகை விஷயத்தில் ஓடிவிட்டேன். தவறான டோ என்றால் எல்லாரும் 'நான் நிறுத்தியது சரி' என்பதையே பேசுவார்கள். நிறுத்தியது தப்பாகவே இருந்தாலும், தூக்கியவருக்கு அதிகாரம் இல்லையென்றால் தூக்கியது தப்புதான்.

இந்தியாவில் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 127வது பிரிவைப் பாருங்கள். பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டி, அல்லது நிறுத்தத் தடையுள்ள இடத்தில் நிற்கும் வண்டி, இவற்றை அகற்ற உத்தரவிட வேண்டியவர் அந்த எல்லைக்குரிய, சீருடையில் இருக்கும் காவல் அதிகாரி. டோ வண்டிக்காரர் தானாக முடிவு செய்ய அதில் இடமில்லை. அதிகாரி உத்தரவிட்டு எடுத்திருந்தால் கூலி உரிமையாளர் தலையில் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ஆகவே உத்தரவு இருந்ததா என்பதே முதல் கேள்வி.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012 அக்டோபர் 1 முதல், தனியார் இடத்தில் நிற்கும் வண்டியைச் சட்ட அதிகாரமில்லாமல் பூட்டுவதோ நகர்த்துவதோ குற்றம். கலிபோர்னியாவில் தனியார் இடத்துக்காரர் வாசலில் பலகை வைத்து அதன் பேரில் தூக்குகிறார் என்றால், பலகை குறைந்தது 17க்கு 22 அங்குலம், எழுத்து ஒரு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அளவு மீறிக் கட்டணம் வாங்கினால் வாங்கியதைப் போல நாலு மடங்கு தர வேண்டிவரும். தனியார் இடத்தில் நிறுத்தியவர்கள் ஒரு டேப்பை எடுத்துப் போய் பலகையை அளந்துவிடுங்கள். சட்டம் அங்குலக் கணக்குச் சொல்லும் ஊரில் அங்குலமே போதும்.

மார்ச் 8, பின்னிரவு

டோ வண்டி என்பதே முதன்முதலில் எப்போது வந்தது என்று கேட்டவருக்கு. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் சட்டனூகாவில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற மெக்கானிக், ஓடைக்குள் விழுந்த காரை ஆட்களும் கயிறுமாக இழுத்துப் போட்டுச் சலித்து, 1916இல் ஒரு பழைய காடிலாக் காரில் பாரந்தூக்கியைப் பொருத்தினார். அந்த ஊரில் இதற்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. ஆபத்தில் இருந்தவனைக் கரையேற்ற வந்த கருவி. நெடுஞ்சாலையில் நடுராத்திரியில் வண்டி நின்றுபோய் டோவுக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்த ஓட்டுநர்கள் அருமை தெரியும். அதனால்தான் யாரும் சொல்லாமல் தெருவில் வேட்டைக்குப் போகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் அதிகம் வருகிறது.

மார்ச் 10

தூக்கும்போதே பார்த்துவிட்டால்? ஓடுங்கள், ஆனால் கொக்கி மாட்டிய காருக்குள் ஏறி உட்காராதீர்கள், முன்னால் போய்ப் படுக்காதீர்கள். சங்கிலி நழுவினால் உயிருக்கு ஆபத்து. வீடியோவை ஓடவிட்டு, "நான் உரிமையாளர், இறக்குங்கள், எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். தனியார் இடத்தை விட்டு வண்டி வெளியேறுவதற்குள் உரிமையாளர் வந்தால் இறக்கிவிட வேண்டும் என்று சில ஊர்களில் சட்டமே இருக்கிறது. கலிபோர்னியாவில் அப்படித்தான், கொக்கி மாட்டியாகிவிட்டது என்றாலும் வழக்கமான கூலியில் பாதிக்கு மேல் கேட்க முடியாது.

மார்ச் 11

கார் காணோம் என்றதும் திருட்டுப் புகார் கொடுக்கலாமா என்று இன்னொருவர். கொடுப்பதற்கு முன் காவல் நிலையத்தில் எண்ணைச் சொல்லி, தூக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஊர்வலம், தெரு வேலை என்றால் யார்டுக்குக் கொண்டுபோகாமல் பக்கத்துத் தெருவில் இறக்கிவிட்டுப் போவதும் உண்டு, ஒரு சுற்று நடந்து பாருங்கள். கடன் தவணை பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவர் எடுத்திருக்கலாம், அதற்கு வழியே வேறு.

"உங்கள் வண்டி எங்களிடம் இருக்கிறது, இந்த லிங்க்கில் பணம் போடுங்கள்" என்று போன் வந்தால் போடாதீர்கள். நேரில் போய், வண்டியைக் கண்ணால் பார்த்து, ரசீது வாங்கிக்கொண்டுதான் பணம்.

மார்ச் 14

கார்டில் கட்டிவிட்டு, பிறகு வங்கியிடம் சொல்லிப் பணத்தை மறித்துவிடலாம் என்ற யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. வங்கி பார்ப்பது சேவை கிடைத்ததா என்பதை. வண்டி கையில் வந்துவிட்டதால் உங்கள் பக்கம் சாய்வது நிச்சயமில்லை. யார்டு அதைப் பாக்கி என்று காட்டி உங்கள்மேல் திரும்பவும் கூடும். கார்டில் கட்டுவது நல்லதுதான், தடயம் இருக்கும். மறிப்பது கடைசி வழியாக இருக்கட்டும்.

மார்ச் 15

பணத்தைத் திரும்பக் கேட்கும் கடிதம் பற்றி. நீங்கள் எழுதிக் காட்டியது மூன்று பக்கம், அதில் கால்வாசி கோபம். கோபம் நியாயமானது, ஆனால் படிக்கிறவருக்கு அதில் வேலை இல்லை. ஒரு பக்கத்துக்குள் கொண்டுவாருங்கள்: எங்கே, எப்போது நிறுத்தினேன். எப்போது தூக்கினீர்கள். ஏன் தவறு, எந்தப் படத்தில் தெரிகிறது. எவ்வளவு வேண்டும். எந்தத் தேதிக்குள். கூலி, வாடகை, யார்டுக்குப் போன டாக்சி, இழந்த சம்பளம், பழுது என்று ஒவ்வொன்றுக்கும் ரசீது. மன உளைச்சலுக்கு ஒரு பெரிய தொகையை ஏற்றாதீர்கள். மற்ற கணக்கின்மேலும் நம்பிக்கை போய்விடும்.

தனியார் இடமாக இருந்தால் இடத்துக்காரருக்கும் டோ நிறுவனத்துக்கும் ஒரே கடிதத்தை இருவர் பெயரையும் போட்டு அனுப்புங்கள். தனித்தனியாக அனுப்பினால் இவர் அவரைக் கைகாட்டுவார், அவர் இவரைக் கைகாட்டுவார். உங்களுடையது பொதுத்தெரு என்பதால் உத்தரவிட்ட அலுவலகத்துக்கே போக வேண்டும். முறையீட்டுக்குக் கடைசித் தேதி என்ன என்று சீட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். சில இடங்களில் இரண்டு வாரம்கூட இருக்காது. கடிதத்துக்குப் பதில் வரட்டும் என்று காத்திருப்பது அந்தத் தேதியை நிறுத்தி வைக்காது.

மார்ச் 27

விசாரணைக்குத் தேதி வந்துவிட்டது என்பதில் சந்தோஷம். கிளையை வெட்டிவிட்டார்கள் என்கிறீர்களே, அதையும் இன்றே போய், முன்பு நின்ற அதே இடத்தில் நின்று படம் எடுங்கள். முன்னும் பின்னுமாக இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்செடுத்துக் கொடுக்கலாம். வெட்டியது யார், எந்த நாளில், யார் சொல்லி என்று பராமரிப்புப் பதிவேட்டின் நகலைக் கேட்டு விண்ணப்பம் போடுங்கள். என் விஷயத்தில் பலகை வைத்த நேரம் ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் இருந்தது, என் படங்களோடு ஒத்துப்போனது. விசாரணைக்குள் நகல் வரவில்லை என்றால், விண்ணப்பித்ததற்கான ஒப்புகைச் சீட்டைக் காட்டி, வரும்வரை தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

எதிர்க்கடைக்காரர் வர முடியாவிட்டால், பார்த்ததைக் கைப்பட எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். டோ வண்டி வந்த நேரம் அவருக்கு ஞாபகம் இருந்தால் அதையும்.